மூன்றாம் வருகையில்தான் மீட்டர் வந்தது: ஒரு கேபிள் பிராட்பேண்ட் சேவையின் மதிப்புரை

ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கேபிள் வழி இணைய இணைப்புதான் இருக்கிறது. விநாடிக்கு 200 மெகாபிட் தரும் திட்டம். பெரும்பாலும் சொன்னபடியே கிடைத்தும் வந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்பு அது 20-க்கும் கீழே இறங்கியது. வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் முகம் அப்படியே நின்றுவிடும், குரல் துண்டு துண்டாக வரும், அரை நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகும். அதைச் சரிசெய்ய நிறுவனம் அனுப்பிய ஆட்களையும் தொலைபேசியில் பதில் சொன்னவர்களையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

புகார் எண்ணை அழைத்தபோதெல்லாம் கிடைத்த முதல் பதில், மோடத்தை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்பது. அடுத்தது, கோளாறு உங்கள் வைஃபையில்தான் இருக்கும் என்பது. வைஃபையால் வேகம் குறைவது உண்மையிலேயே உண்டு என்பதால், அந்தச் சந்தேகத்தை நானே முதலில் தீர்த்துக்கொண்டேன். ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, மடிக்கணினியை ஈத்தர்நெட் கேபிளால் நேராக மோடத்தில் பொருத்திப் பார்த்தபோதும் 18 மெகாபிட்தான் வந்தது. அக்கம்பக்கத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் வரும் நெரிசலாக இருக்குமோ என்று ஒரு வாரம் வெவ்வேறு நேரங்களில் அளந்து குறித்து வைத்தேன். நெரிசல் என்றால் மாலையில் வேகம் குறைந்து விடியற்காலையில் மீள வேண்டும். இங்கே விடியற்காலை 4 மணிக்கும் அதே நிலைதான். மழை பெய்த மறுநாள் அதைவிட மோசம். மழையோடு வேகம் கூடிக் குறைகிறது என்றால், வெளியே ஏதோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெரும்பாலான கேபிள் மோடங்கள் தமக்கு வரும் சிக்னலின் நிலையைத் தாமே ஒரு பக்கத்தில் காட்டுகின்றன, உலாவியில் 192.168.100.1 என்று தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். எங்கள் மோடத்தில் பதிவிறக்கச் சேனல்களின் அளவு −13 டெசிபல் மில்லிவோல்ட் (சிக்னலின் வலிமையைக் குறிக்கும் அலகு), சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 29 டெசிபல், பதிவேற்றத்தின் அளவு 53 டெசிபல் மில்லிவோல்ட் என்று இருந்தது. முதல் எண் சுழிக்கு அருகே, −7-க்கும் +7-க்கும் இடையில் இருப்பது நல்லது. கேபிள் வழி இணையத்துக்கான டாக்சிஸ் 3.0 தொழில்நுட்பத் தரத்தின்படி −15 வரை மோடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றாலும், அந்த விளிம்பில் ஓடும் இணைப்பு ஒரு சிறு மாற்றத்தையும் பொறுக்காது. இரண்டாவது எண் 33-க்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், 256 க்யூஏஎம் என்ற சிக்னல் முறையில் நெருக்கமாக அடுக்கி அனுப்பப்படும் தரவை மோடத்தால் பிழையின்றிப் பிரித்தெடுக்க முடிவதில்லை. மூன்றாவதைத்தான் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். பதிவேற்ற எண் பெரிதாக இருப்பது வலிமையின் அடையாளம் அல்ல. தன் குரல் கேபிள் நிலையத்துக்கு எட்டவில்லை என்பதால் மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்பதற்கே அது அடையாளம். அதே பக்கத்தில், திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஏறியது. அப்படித் தொலையும் ஒவ்வொரு துண்டையும் கணினி மீண்டும் கேட்டு வாங்க வேண்டும். இழப்பைக் கண்டதும், இணையத்தில் தரவுப் பரிமாற்றத்தை ஒழுங்குபடுத்தும் டிசிபி நெறிமுறை அனுப்பும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பெயருக்கு இணைப்பு இருந்தும் வேகம் இல்லாமல் போனது இதனால்தான்.

இந்த எண்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "உங்க மோடம் ஆன்லைன்லதான் சார் காட்டுது, எங்க பக்கம் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று பதில் வந்தது. ஆன்லைனில் இருப்பதும் நன்றாக இயங்குவதும் வேறு வேறு என்பதை ஒரு சேவை மையத்துக்கு வாடிக்கையாளர் விளக்க வேண்டியிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

முதலில் வந்தவர் மோடத்தை மாற்றிவிட்டுப் போனார், எண்கள் அசையவில்லை. இரண்டாமவர் ஓர் ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். ஏற்கெனவே இரைச்சல் கலந்துவிட்ட சிக்னலைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அளவு உயரும், விகிதம் உயராது.

மூன்றாவதாக வந்தவர் கையில் சிக்னல் மீட்டர் இருந்தது. மோடத்தைத் தொடாமல், நேரே வெளிச்சுவருக்குச் சென்று, கம்பத்திலிருந்து வரும் கேபிளின் முனையைக் கழற்றினார். கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நடுவே பளபளக்க வேண்டிய செம்புக் கம்பி கறுத்து, முனையில் ஈரம் மின்னியது. அந்த முனையை வெட்டிவிட்டு, கேபிளின் உறையைச் சீவி, உறைக்கு அடியில் உள்ள வலைப்பின்னல் கம்பியின் இழை ஒன்றுகூட நடுக்கம்பியைத் தொடாதபடி மடித்து, புதிய கனெக்டரை அழுத்திப் பொருத்தினார். இருந்த கேபிள் சுவரை நோக்கிச் சரிந்து, மழைநீரை நேராகக் கனெக்டருக்கே கொண்டுவந்ததையும் கவனித்து, நீர் கீழே சொட்டிவிடும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டினார்.

பிறகு என்னிடம், "உள்ள எங்கயாவது ஸ்பிளிட்டர் இருக்கா சார்?" என்று கேட்டார். ஒரு கேபிளின் சிக்னலைப் பல கிளைகளாகப் பிரிக்கும் சிறு கருவிதான் ஸ்பிளிட்டர். முன்பு நான்கு அறைகளிலும் தொலைக்காட்சி இருந்த காலத்தில் வைத்த நான்கு வழி ஸ்பிளிட்டர் அலமாரிக்குப் பின்னால் அப்படியே இருந்தது. அதில் இப்போது மோடம் மட்டுமே இணைந்திருந்தது. நான்கு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு வழியிலும் ஏறத்தாழ 7 டெசிபலைத் தின்றுவிடும். 3 டெசிபல் குறைந்தாலே ஆற்றல் பாதியாகும். 7 குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மேலும், மூடியின்றித் திறந்து கிடந்த மற்ற மூன்று முனைகள் வழியாக வெளி இரைச்சலும் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சி இணைப்பு தேவைப்பட்டிருந்தால் இரண்டு வழி ஸ்பிளிட்டரைப் போட்டு, பயன்படாத முனைக்கு 75 ஓம் டெர்மினேட்டர் என்ற மூடியை மாட்டியிருப்பேன் என்றார். எங்களுக்குத் தேவையில்லாததால் அதை எடுத்துவிட்டு கேபிளை நேராக மோடத்துக்குக் கொடுத்தார். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மீட்டரை என் பக்கம் திருப்பி எண்ணைக் காட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேலை முடிந்தபோது பதிவிறக்க அளவு −2, விகிதம் 37, பதிவேற்றம் 43. வேகம் 190-ஐத் தாண்டியது. அதன்பின் இரண்டு பெருமழைகள் பெய்தன. இரண்டு முறையும் மறுநாள் காலையில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், திருத்த முடியாத பிழைகளின் கட்டம் சுழியிலேயே இருந்தது.

அந்தத் தொழில்நுட்பருக்கு ஐந்துக்கு ஐந்து. தொலைபேசிச் சேவைக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. புகார்ப் பதிவில் இன்னும் "வைஃபை கோளாறு, தீர்க்கப்பட்டது" என்றே இருக்கிறது. அதை "வெளிக் கனெக்டரில் நீர் புகுந்தது" என்று திருத்தும்படியும், ஐந்து மாதக் கட்டணத்தில் கழிவு தரும்படியும், மீட்டர் எண்களின் படங்களோடு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.