முத்திரைப் பிட்ச்சும் உண்மைப் பிட்ச்சும்: இரட்டை எஞ்சின் படகுக்கு ஒரு புரொப்பெல்லர் பட்டறை செய்த வேலை

தெற்கு ஃப்ளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேலை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில், என் படகின் இரண்டு புரொப்பெல்லர்களையும் கணினிக் கருவியில் அளந்து, பிட்ச் என்னும் இதழ்முறுக்கின் அளவை மாற்றி, ஒன்றுக்கொன்று இணையாக்கித் தரும் வேலையைச் சென்ற ஏப்ரலில் செய்துகொண்டேன். நான்கு பேர் மட்டுமே வேலை பார்க்கும் இடம் அது. இருக்கும் கூட்டமே போதும், விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். வேலை நன்றாக இருந்தது. தாமதமும் வேறு சில குறைகளும் இருந்தன. புதிய புரொப்பெல்லர் வாங்கும் எண்ணத்தோடு உள்ளே போன நான், ஒன்றும் வாங்காமல், பழையவற்றையே திருத்திக்கொண்டு திரும்பினேன் என்பதால்தான் இந்த மதிப்புரையை எழுதத் தோன்றியது.

படகு 32 அடி நீளம். ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகமும், நடுவில் நின்று ஓட்டும் கன்சோலும் கொண்டது. பின்புறம் இரண்டு யமஹா எஃப் 300 எஞ்சின்கள். 4.2 லிட்டர் வி6 வகையைச் சேர்ந்த இந்த எஞ்சினின் கியர் விகிதம் 1.75. முழுத் திராட்டிலில், அதாவது விசையை முழுவதும் திறந்து ஓட்டும்போது, இது 5000 முதல் 6000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரைக்குள் ஓட வேண்டும் என்பது நிறுவனத்தின் வரையறை. என் படகு வழக்கமான சுமையோடு, அதாவது நான்கு பேரும் முக்கால் தொட்டி எரிபொருளும் பனிக்கட்டிப் பெட்டியுமாக, இடப்பக்க எஞ்சினில் 5310-ஐயும் வலப்பக்க எஞ்சினில் 5490-ஐயும்தான் தொட்டது. வரையறைக்குள்தானே இருக்கிறது என்று இரண்டு பருவம் சும்மா இருந்துவிட்டேன். அது பிழை. வரையறையின் அடிப்பாதியில் முழுத் திராட்டில் நிற்கிறது என்றால், எஞ்சின் தன் முழுக் குதிரைத்திறனை எட்டாமலேயே மூச்சு வாங்குகிறது என்று பொருள். ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே லாரியை ஓட்டுவதைப் போன்ற நிலை அது.

இரண்டு எஞ்சின்களுக்கும் இடையில் இருந்த 180 ஆர்.பி.எம். வேறுபாடு அதைவிட முக்கியமான அறிகுறி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கடலில் ஓடும்போது சிங்க் பொத்தானை அழுத்தி வைத்திருப்பதே என் வழக்கம். அதை அழுத்தினால் இரண்டு எஞ்சின்களும் ஒரே வேகத்தில் சுழலும், திரையிலும் ஒரே எண் தெரியும், மனமும் நிம்மதியாகிவிடும். ஆனால் 4000 ஆர்.பி.எம்.மில் எரிபொருள் அளவியைப் பார்த்தால், இடது எஞ்சின் மணிக்கு 15.8 காலனும் வலது எஞ்சின் 14.0 காலனும் குடித்துக்கொண்டிருந்தன. சுழற்சி ஒன்றாக இருந்தாலும் பாரத்தை ஒரு மாடுதான் அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் படகு மெல்ல வலப்பக்கம் ஒதுங்கிப் போவதும் அதனால்தான். சிங்க் வசதி குறையைத் தீர்ப்பதில்லை, மறைத்துவைக்கிறது. உங்கள் படகில் அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு ஒரு முறை முழுத் திராட்டிலில் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் நான் கேட்டது நான்கு இதழ் கொண்ட ஒரு புதிய ஜோடி. என்னிடம் இருந்தவை மூன்று இதழ் கொண்ட ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர்கள். இரண்டின் மேலும் 19 என்று பிட்ச் எண் பொறிக்கப்பட்டிருந்தது. பட்டறையின் மூத்த தொழிலாளி, “இவற்றை அளக்காமல் உங்களுக்கு எதையும் விற்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். விற்க மறுக்கும் கடையை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிட்ச் என்பது, திருகு மரத்துக்குள் ஏறுவதுபோல, ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் தண்ணீரில் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. தண்ணீர் மரம் அல்ல என்பதால் உண்மையில் அவ்வளவு முன்னேறாது. அந்தக் குறைவுக்கு ஸ்லிப், அதாவது நழுவல், என்று பெயர். ஆர்.பி.எம்.மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, அதை மீண்டும் 1056-ஆல் வகுத்தால், நழுவல் இல்லாத வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். ஒரு மைலுக்கு உரிய 63,360 அங்குலத்தை ஒரு மணிக்கு உரிய 60 நிமிடத்தால் வகுத்து வந்ததே அந்த 1056. என் படகுக்கு, இரு எஞ்சின்களின் சராசரியான 5400-ஐ வைத்துக் கணக்கிட்டால் 55.5 மைல் வந்தது; ஜி.பி.எஸ். காட்டியது 48.8. அதாவது ஸ்லிப் ஏறத்தாழ 12 சதவீதம். இந்த வகைப் படகுக்கு அது பயங்கரமான எண் அல்ல. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் பொறித்த 19 உண்மைதானா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அது உண்மையாக இல்லை. புரொப்பெல்லரைக் குப்புறக் கவிழ்த்து ஒரு தண்டில் மாட்டி, ஊசிமுனை போன்ற ஒரு தொடுகோலை ஒவ்வோர் இதழின் மீதும், நடுவிலிருந்து விளிம்பு வரை ஐந்து ஆரங்களில் மெதுவாக இழுத்தார்கள். இழுக்க இழுக்கத் திரையில் கோடுகள் விழுந்தன. வலப்பக்கத்துப் புரொப்பெல்லரின் மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக, சராசரி 18.7 அங்குலத்தில் நின்றன. இடப்பக்கத்தில் இரண்டு இதழ்கள் 19-ஐ ஒட்டியே இருந்தாலும், மூன்றாவது இதழ் வெளி ஆரங்களில் 20-ஐத் தாண்டிச் சென்று, மொத்தச் சராசரியை 19.4-க்கு இழுத்திருந்தது. அந்த இதழின் முதுகில், முன்விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு ஊசியால் குத்தியதைப் போன்ற சொரசொரப்பு இருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும். விளிம்பின் வடிவம் கெட்ட இடத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழியாகி, அந்தக் குமிழிகள் உடையும்போது எஃகையே அரித்துத் தின்ற தடம் அது. இதுதான் கேவிடேஷன். அந்தச் சொல்லைத் திருப்பத்தில் எஞ்சின் அலறுவதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம். அந்த அலறல் பெரும்பாலும் மேற்பரப்புக் காற்றோ புகையோ இதழுக்குள் இழுபடுவதால் வருவது, வேறு நோய்.

இதற்கு மூலகாரணம் நான்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிஸ்கேன் விரிகுடாவில் வற்று நேரத்தில் ஒரு மணல் திட்டின் மேல் ஏற்றிவிட்டேன். அப்போது வேறொரு கடையில் கொடுத்துச் சரிசெய்தேன். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக மெருகேற்றித் தந்தார்கள், நானும் அந்தப் பளபளப்புக்கு மயங்கிப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். கண்ணளவில் தட்டி நிமிர்த்தி மெருகு போட்டது வேலையாகவே கருதத் தக்கதல்ல என்று இப்போது தெரிகிறது. பழுதுபார்த்த புரொப்பெல்லரைத் திரும்ப வாங்கும்போது, மெருகைப் பார்க்காமல், அளவு அறிக்கை எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அது எந்தப் பிட்ச்சில் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியாது.

ஒரு சிறு விலகல். இந்த ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர்கள் மெழுகில் வடிவெடுத்து, அதன்மேல் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி வார்க்கப்படுபவை என்று அந்தத் தொழிலாளி விளக்கியபோது, சுவாமிமலைச் சிற்பிகள் செய்வதும் இதே முறைதான் என்று சொன்னேன். அங்கும் வார்ப்பு வந்த பிறகு உளியும் அரமும் கொண்டு செய்யும் வேலைதான் சிலைக்கு முகம் கொடுக்கிறது என்றதும், மனிதர் வேலையை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கேள்வி கேட்டார். தாமதத்தில் என் பங்கும் கொஞ்சம் உண்டு போலும்.

நான்கு இதழ் வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணமும் சொன்னார். நான்கு இதழ் படகின் பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்கும், குறைந்த வேகத்திலேயே படகைத் தண்ணீரின் மேல் நிறுத்தும், அலையில் பிடி விடாது. பதிலுக்கு உச்ச வேகத்தில் ஓரிரு மைல் பறிபோவது வழக்கம். என் படகு எழும்பத் தடுமாறவில்லை, பின்புறமும் அமுங்கவில்லை. எனவே இருக்கும் மூன்று இதழையே இரண்டும் 18-ஆக இறக்குவது என்று முடிவாயிற்று. ஓர் அங்குலப் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை ஏறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. இதழின் பின்விளிம்பில் உள்ள சிறு வளைவான ‘கப்’பையும் இரண்டிலும் ஒரே அளவாக்கினார்கள், கப்பைக் கூட்டினால் பிட்ச்சைக் கூட்டியதைப் போலவே சுழற்சி இறங்கும் என்பதால், இதைக் கவனிக்காமல் பிட்ச்சை மட்டும் இணையாக்குவதில் பொருளில்லை. இறுதி அறிக்கையில் ஆறு இதழ்களும் 18-க்கு மேலும் கீழும் 0.1 அங்குலத்துக்குள் இருந்தன. நடுவிலுள்ள ரப்பர் ஹப்பின் குறுக்கே ஒரு கோடு கீறிக் கொடுத்ததும் நல்ல பழக்கம். ஹப் நழுவத் தொடங்கினால் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

பட்டறையின் வேலை இதோடு முடிந்துவிடுகிறது, அதுதான் என் முதல் குறை. எஞ்சின் உயரம், எஞ்சினின் சாய்வுக் கோணமான டிரிம், இரண்டு எஞ்சின்களையும் இணைக்கும் டை பார் ஆகியவற்றைப் பற்றி வாயால் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள்; ஆனால் படகைத் தொடமாட்டார்கள், தண்ணீரில் சோதனைக்கும் வரமாட்டார்கள். இணைந்த புரொப்பெல்லர்களின் பலன் முழுவதும் கிடைப்பது மற்றவையும் இணைந்த பிறகுதான் என்பதால், அதைக் கட்டணத்தோடு ஒரு சேவையாகவாவது வைத்திருக்கலாம். நானே செய்துகொண்டேன். டிரெய்லரில் படகை நிறுத்தி, டிரிம் அளவி இரண்டுக்கும் ஒரே எண் காட்டும்படி வைத்து, நேரான ஒரு மரச்சட்டத்தை இரண்டு எஞ்சின்களிலும் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள கிடைத்தகடுகளுக்குக் குறுக்கே பிடித்தால், ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு, இரு புரொப்பெல்லர் தண்டுகளுக்கும் இடையிலான தூரத்தை முன்னும் பின்னும் அளந்து, டை பாரைத் திருகி இணைகோடாக்கினேன்.

சோதனையில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். புரொப்பெல்லரை மாற்றிய அன்றே எஞ்சின்களையும் அவற்றைப் படகில் பொருத்தும் துளைகளில் ஒரு துளை, அதாவது முக்கால் அங்குலம், உயர்த்திவிட்டேன். வேகம் கூடியது, எதனால் கூடியது என்று தெரியவில்லை. மறுவாரம் எஞ்சின்களை இறக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கடற்பசுக்களுக்காக மெதுவாகவே போக வேண்டும் என்று குறித்த பகுதிகளைக் கடந்து திறந்த நீருக்குப் போவதற்கே என் துறையிலிருந்து அரைமணி நேரம் ஆகிறது என்பதை நினைத்தால், இந்த அவசரத்தின் விலை புரியும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் உள்ள சட்டம் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்குத்தான். என் படகு அதில் வராவிட்டாலும், முழுத் திராட்டில் சோதனைகளில் அதைக் கட்டாமல் நான் ஓட்டுவதில்லை.

நீரோட்டத்தைக் கழிக்க இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்த எண்கள் இவை. புரொப்பெல்லர் மட்டும் மாறியபோது, சிங்க் இல்லாமலேயே, இரு எஞ்சின்களும் 20 ஆர்.பி.எம். வேறுபாட்டுக்குள் 5640-இல் நின்றன, வேகம் 48.8-இலிருந்து 49.7 மைலானது. எஞ்சினை ஒரு துளை உயர்த்தியதும் சுழற்சி 5750-க்கும் வேகம் 51.0-க்கும் ஏறின, குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம் இறங்கவில்லை, திருப்பத்திலும் பிடி விடவில்லை. இன்னொரு துளை உயர்த்திப் பார்த்தபோது கூர்மையான திருப்பத்தில் வலது எஞ்சின் காற்றைக் குடித்து அலறியதால் பழைய துளைக்கே இறக்கிவிட்டேன். ஸ்லிப் இப்போது 9 சதவீதம். உச்ச வேகத்தில் இரண்டு மைல் கூடியது பெரிய செய்தி அல்ல. 4000 ஆர்.பி.எம்.மில் இடது 13.8, வலது 13.6 காலன் என்று வந்து நிற்பதும், அதே ஓட்டத்தில் காலனுக்கு 1.12 மைலாக இருந்தது 1.20 ஆனதும்தான் செய்தி. நூறு காலனுக்கு எட்டு மைல் கூடுதல். ஸ்டீயரிங்கை விட்டாலும் படகு நேராகப் போகிறது.

கட்டணம் ஒரு புரொப்பெல்லருக்கு 240 டாலர். புதிய ஸ்டெயின்லெஸ் ஜோடிக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை இந்த மொத்தச் செலவைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஐந்து நாளில் தருவதாகச் சொல்லிப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார்கள்; நாமே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால் ஒழியத் தகவல் சொல்வதில்லை. அறிக்கையில் உள்ள கோடுகள் யாராவது பக்கத்தில் நின்று விளக்கினால்தான் புரியும். நான் அதை இரண்டு முறை விளக்கச் சொல்லிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் சொன்னார்கள். அலுமினியப் புரொப்பெல்லர் வைத்திருப்பவர்களுக்கும், ஒற்றை எஞ்சினில் மீன்பிடிக்கப் போய்வருபவர்களுக்கும் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

கொட்டகையில் அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் இன்னொரு ஜோடி உண்டு. இரண்டிலும் 17 என்று பொறித்திருக்கிறது. பிப்ரவரியில் மயாமி படகுக் கண்காட்சி நேரத்தில் அந்தப் பட்டறையில் கூட்டம் நெரியும் என்பதால், ஜனவரி முதல் வாரத்திலேயே அவற்றையும் அளக்கக் கொண்டுபோவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.