பெற்றோருக்கு ஹெல்த்கேர்.கவ்: கடை சரி, கல்லா எங்கே?

கிரீன் கார்டில் அமெரிக்கா வந்த பெற்றோருக்கு மார்க்கெட்பிளேஸில் (ஒபாமா சட்டப்படி அரசு நடத்தும் இன்சூரன்ஸ் சந்தை) இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று எங்கள் டாலஸ் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். எடுக்கலாம். என் மாமனார் மாமியாருக்கு 2026 ஜனவரி 1 முதல் எடுத்திருக்கிறேன். பிளானைத் தேடித் தேர்ந்தெடுக்கும் அந்தச் சந்தையின் ஹெல்த்கேர்.கவ் தளத்துக்கு ஐந்தில் நான்கு தருவேன். தேர்ந்தெடுத்த பிளானுக்கு முதல் பிரீமியம் கட்டும் வேலைக்கு ஒன்றரை. அந்த அரையும் பணம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்ததே என்பதற்காக.

இருவருக்கும் 65 தாண்டியாயிற்று. "அப்புறம் என்ன, மெடிகேர் இருக்கே" என்பார்கள், அதாவது 65 தாண்டியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ். இங்கே வேலை பார்த்து வரி கட்டிய கணக்கு இல்லாதவர்கள், கிரீன் கார்டுடன் தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்த பிறகுதான் மெடிகேரைக் காசு கொடுத்து வாங்கவே முடியும். அதுவரை பெரும்பாலோர் விசிட்டர் இன்சூரன்ஸில் ஓட்டுகிறார்கள். அதை நம்பி மாரடைப்பைக்கூடச் சமாளித்துவிடலாம், மாமியாரின் சர்க்கரையையும் தைராய்டையும் சமாளிக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் கையை விரித்துவிடுவார்கள். மார்க்கெட்பிளேஸ் பிளான் எதுவும் அப்படிச் சொல்ல முடியாது. 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதற்குத் தடை போட்டுவிட்டது.

விலையைச் சொல்லிவிடுகிறேன், மயக்கம் போடாதீர்கள். 64-க்கு மேற்பட்டவருக்கு 21 வயதுக்காரரைப் போல மூன்று மடங்கு வரை வாங்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. ஒருவருக்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. மாமா, அத்தை இருவரும் என் கணவரின் வரிக் கணக்கில் டிபெண்டண்ட் (அவரைச் சார்ந்தவர்கள்) என்பதால் அவர் சம்பளமும் கணக்கில் சேர்கிறது, பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் கிடையாது. வருமானமே இல்லாத பெற்றோர் தனியாக வரி தாக்கல் செய்து மானியம் வாங்கிய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். 2025 வரை அது சரி. வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம் இருந்து, குடியேறி ஐந்து ஆண்டு ஆகாததால் மெடிகெய்டு (ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸ்) கிடைக்காதவர்களுக்கு இருந்த அந்த வழி 2026-இலிருந்து அடைபட்டுவிட்டது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

தளத்தின் நல்லதைச் சொல்ல வேண்டும். மாமியாரின் மாத்திரைகளையும் பக்கத்துத் தெரு டாக்டரின் பெயரையும் உள்ளிட்டால் எந்தப் பிளானில் எது அடங்கும் என்று காட்டுகிறது. (டாக்டர் பட்டியலை மட்டும் அப்படியே நம்பாமல் அவர் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள்.) டிடக்டிபிளையும் (கம்பெனி கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கையிலிருந்து கட்டும் தொகை) மாதப் பிரீமியத்தையும் சேர்த்து வருடம் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஓர் உத்தேசமும் வருகிறது. போனில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். தமிழ் வேண்டும் என்று கேட்டோம். காத்திருந்த பிறகு இலங்கைத் தமிழ் பேசும் ஓர் அம்மா இணைப்பில் வந்தார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று அவர் சொன்னதிலேயே அத்தைக்குப் பாதி பயம் போய்விட்டது.

இனி கல்லாவுக்கு வருவோம். பிளானைத் தேர்ந்து கடைசிப் பொத்தானை அழுத்தியதும் வாழ்த்துச் செய்தி வருகிறது. பலர் அங்கேயே லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த நிமிடம் உங்களிடம் இன்சூரன்ஸ் இல்லை, பெயர் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஹெல்த்கேர்.கவ் பிரீமியத்தை வாங்குவதில்லை. பணத்தை நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அந்த முதல் தவணைக்குப் பைண்டர் பேமென்ட் என்று பெயர். அது கெடுவுக்குள் போய்ச் சேராவிட்டால் பாலிசி தொடங்கவே தொடங்காது. கடைக்குள் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, கல்லாப்பெட்டி மட்டும் அடுத்த தெருவில். மாசசூசெட்ஸ் மாநிலம் நடத்தும் தளத்தில் பிரீமியத்தை அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

நாங்கள் எடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம். அதன் இணையப் பக்கத்தில் பணம் கட்ட மெம்பர் ஐடி கேட்டது. மெம்பர் ஐடி தபாலில் வரும் என்றது. தபாலோ வரவில்லை. பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேடலாம் என்று இன்னொரு வழி இருந்தது. இங்கேதான் நம் ஊர்ப் பெயர் குறுக்கே விழுந்தது. அத்தையின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் கடைசிப் பெயராக்கி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுவார்கள். அதே கிரீன் கார்டுக்கும் வந்து, மார்க்கெட்பிளேஸ் விண்ணப்பத்துக்கும் போய், கம்பெனிக் கணினியிலும் உட்கார்ந்துவிட்டது. அத்தையின் பெயரை முதல் பெயராகத் தட்டினால் அப்படி யாருமே இல்லை என்றது. எஃப்.என்.யு. என்று தட்டியதும் கதவு திறந்தது. உங்கள் வீட்டிலும் இந்த மூன்றெழுத்து இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், இதைக் கஸ்டமர் கேரில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

இதையெல்லாம் சோபாவில் இருந்தபடி மாமா பார்த்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்தில் எல்ஐசி டெவலப்மென்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். "முதல் பிரீமியம் வாங்காம எப்படிம்மா கங்கிராஜுலேஷன்ஸ் சொல்றான்?" என்றார். அவர் வேலை பார்த்த காலத்தில் எல்ஐசியில் புரொபோசல் பாரத்தோடு பணமும் போக வேண்டும், ஏஜென்ட் வீட்டுக்கே வந்து வாங்கிப்போவார், ரசீது வரும். கட்டாமல் விட்டு லேப்ஸ் ஆனாலும் ஐந்து ஆண்டுக்குள் பாக்கியையும் வட்டியையும் கட்டி ரிவைவல் செய்யலாம். "இங்க ரிவைவல் உண்டா?" என்று கேட்டார். ஏறக்குறைய இல்லை. பிரீமியம் கட்டாததால் பாலிசி போனால் அதைக் காட்டி நடுவில் மறுபடி சேர முடியாது. அடுத்த நவம்பரில் சேர்க்கை திறக்கும், ஜனவரியில் பாலிசி தொடங்கும். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

இந்தப் பிரச்சினை புதிதும் இல்லை. 2013 அக்டோபர் 1 அன்று தளம் திறந்தபோது முதல் நாளில் ஆறே பேர் சேர முடிந்தது ஊர் அறிந்த கூத்து. 2014 வசந்தத்துக்குள் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டியதும், "அதில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள்?" என்று குடியரசுக் கட்சியினர் பிடித்துக்கொண்டார்கள். பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று, ஏப்ரல் 15 நிலவரப்படி 67 சதவீதம்தான் என்றது. கம்பெனி அதிகாரிகள் கெடு வந்தவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேர் கட்டிவிட்டார்கள் என்றார்கள். இரண்டும் பொய்யில்லை. மார்ச் கடைசி வாரங்களில் குவிந்த கூட்டத்துக்கு ஏப்ரல் நடுவில் பணம் கட்டும் நாளே வந்திருக்கவில்லை. அரசுத் தரப்பும் யோக்கியம் இல்லை. அந்த செப்டம்பரில் 73 லட்சம் பேர் பணம் கட்டிச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பல் இன்சூரன்ஸையும் சேர்த்து எண்ணியிருந்தது நவம்பரில் வெளியே வந்தது. அதைக் கழித்து, இடையில் விலகியவர்களையும் விட்டால் அக்டோபர் கணக்கு 67 லட்சம்.

கட்டாதவர்களைச் சோம்பேறிகள், ஏமாற்றுக்காரர்கள் என்று பேசுவது அப்போதே தொடங்கியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல்முறை சேர்கிறவர்களில் பலருக்கு இன்சூரன்ஸே புதிது. சிலருக்கு வங்கிக் கணக்குகூட இருக்காது. அதனால்தான் கம்பெனிகள் செக், மணியார்டர், பிரீபெய்டு கார்டு எல்லாவற்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், ஆங்கிலத்தில் படிவம் நிரப்பியே சாப்பிடுகிறேன். எனக்கே ஒன்றரை நட்சத்திர அனுபவம் என்றால், இரண்டு வேலை பார்க்கும் ஒருவர் மதிய இடைவேளையில் இதைச் செய்து முடிப்பாரா?

இந்த வருடம் இன்னும் மோசம். 2021 முதல் இருந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடிந்தது. மானியத்தில் இருப்பவர்கள் கையிலிருந்து கட்டுவது சராசரியாக வருடத்துக்கு 888 டாலரிலிருந்து 1,904 டாலராகும் என்று கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் முன்பே மதிப்பிட்டிருந்தது. பூஜ்யம் பிரீமியத்தில் இருந்தவர்கள் கட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் ஓட்டியவர்கள். அவர்களில் பலருக்கு ஜனவரியில் முதன்முதலாக பில் வந்தது. தானாகவே புதுப்பிக்கப்பட்டவர்கள் அதைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சேர்ந்தவர்கள் என்று ஜனவரியில் சொல்லும் எண்ணை நான் நம்புவதில்லை, கோடை வரை பொறுத்துப் பார்ப்பேன்.

ஏன் கோடை என்றால், மானியம் உள்ளவர்களுக்கு, ஒரு மாதமாவது கட்டியிருந்தால், அடுத்துக் கட்டத் தவறும்போது மூன்று மாத கிரேஸ் பீரியட், அதாவது அவகாசம், உண்டு. இதைச் சலுகை என்று நினைத்து ஏமாறாதீர்கள். முதல் மாத கிளெய்மைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் வருவதை நிறுத்தி வைக்கலாம். முடிவில் மொத்தப் பாக்கியையும் கட்டாவிட்டால் பாலிசி முதல் மாதக் கடைசி நாளோடு முடிந்ததாகக் கணக்கு. நடுவில் பார்த்த டாக்டர் பில் உங்கள் தலையில். எங்களைப் போல மானியம் இல்லாதவர்களுக்கு மாநிலச் சட்டப்படி, பெரும்பாலும் ஒரு மாதம் மட்டுமே. முதல் தவணைக்கோ இந்தச் சலுகை எதுவுமே கிடையாது.

ஆட்டோபே (மாதாமாதம் பணம் தானாகவே போகும் ஏற்பாடு) போட்டாகிவிட்டது என்று நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். எங்கள் கம்பெனியில் அது இரண்டாவது தவணையிலிருந்துதான் ஓடும், முதலாவதைக் கையால்தான் கட்ட வேண்டும். வருடக் கடைசியில் கம்பெனி மாறினால் பழைய ஆட்டோபே கூடவே வராது. புதிதாக பைண்டர், புதிதாக ஆட்டோபே. பணம் வங்கியிலிருந்து போனதைப் பார்த்துவிட்டு நிற்காமல், கம்பெனிக்குப் போன் செய்து பாலிசி ஆக்டிவ்தானா என்று கேட்டு, யாரிடம் பேசினோம், என்ன ரெஃபரன்ஸ் எண் என்று எழுதி வையுங்கள். மாமா அதற்கென்று ஒரு நோட்டே போட்டுவிட்டார்.

நடுவில் வேலை கிடைத்து வேலை இடத்து இன்சூரன்ஸ் வந்தவர்கள் "கட்டாம விட்டா தானா போயிடும்" என்று சொல்வதையும் கேட்கிறேன். மானியம் வாங்கினவர்கள் இதைச் செய்யவே கூடாது. கிரேஸ் பீரியடின் முதல் மாதத்துக்கு மானியம் கம்பெனிக்குப் போயிருக்கும். அந்த மாதத்துக்கு உங்கள் பங்கைக் கட்டாவிட்டால், மானியக் கணக்கைக் காட்டும் 1095-ஏ படிவத்தை வைத்து வரிக் கணக்கில் அதைத் திருப்பிக் கேட்பார்கள். தளத்துக்குள் போய் முடிவுத் தேதி கொடுத்து முறையாக ரத்து செய்வது சுலபம். அந்தப் பகுதி நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

அத்தையின் தங்கை மகளுக்கு ஆவணியில் கல்யாணம். இருவரும் மூன்று மாதம் ஊரில் இருக்கப் போகிறார்கள். "அந்த மூணு மாசம் கட்டணுமா?" என்று மாமா கேட்டார். கட்ட வேண்டும் மாமா என்றேன். நிறுத்திவிட்டால், டூர் போய்வருவதைக் குடிமாறி வந்ததாகக் காட்டி நடுவில் திரும்பச் சேர வழியில்லை. "அங்க எனக்கு ஜுரம் வந்தா இவன் கொடுப்பானா?" அநேகமாக மாட்டான். "அப்ப நான் இருக்கிற ஊர்ல உபயோகமில்லாத பாலிசிக்கு, நான் இல்லாத ஊர்ல பணம்." ஆமாம் என்றேன். ஆறாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, கல்யாணத்துக்கு ஒரு மாதம் போதும் என்று அத்தையிடம் பேசப் போனார்.