புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ‘ஹெரிடேஜ் வாக்’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

விடுமுறைக்குப் புதுச்சேரி போகிறவர்கள் பலர் இப்போது இணையத்தில் ‘ஹெரிடேஜ் வாக்’ (வழிகாட்டியோடு பழைய இடங்களை நடந்து பார்ப்பது) பதிவு செய்துகொண்டு போகிறார்கள். விஷயம் தெரிந்த வழிகாட்டி அமைந்தால் அது அருமையான மாலையாக இருக்கும். எங்களுக்கு அமைந்தது வேறு. அடுத்த குடும்பமாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆளுக்கு 600 ரூபாய், சின்னப் பிள்ளைக்கும் அதே கட்டணம், முழுப் பணமும் முன்கூட்டியே. அதிகபட்சம் 12 பேர், அனுமதி பெற்ற வழிகாட்டி, தமிழில் விளக்கம், பழைய கலங்கரை விளக்கத்துக்குள் நுழைவு, பாரதியார் வீடு என்றெல்லாம் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. அம்மாவும் கூட வருவதால், தமிழில் சொல்வார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தேர்ந்தெடுத்தோம்.

காந்தி சிலை அருகே போய் நின்றால் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஐந்து மணி என்றது ஐந்தே முக்கால் ஆனது. வந்த இளைஞரிடம் அடையாள அட்டை கேட்டோம். ஆபீஸில் இருக்கிறது என்றார். கழுத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். அலைச் சத்தத்தில் முதல் வரிசையைத் தாண்டி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் தமிழில் ஒரு வரி சொல்வார். “தம்பி, எங்களுக்கும் கொஞ்சம் தமிழ்ல சொல்லுப்பா” என்று அம்மா கேட்டார். “அடுத்த ஸ்டாப்ல சொல்றேன் பாட்டி” என்றார். கடைசி வரை அந்த அடுத்த ஸ்டாப் வரவே இல்லை.

சரி, கூட்டம், தாமதம் இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன தகவல்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் கடலூர்க்காரன், இந்தக் கடற்கரையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கடலுக்குள் நிற்கும் இரும்புத் தூண்களைக் காட்டி அக்கா மகள் கேட்டதற்கு, “சுனாமில போன பாலம்” என்றார். அது பிரெஞ்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் சரக்கு இறக்கக் கட்டிய பாலம். 1952 புயலிலேயே போய்விட்டது. மேரி (Mairie) என்ற பிரெஞ்சுக் கால நகரமன்றக் கட்டடத்தைக் காட்டி, அப்படியே பழசு, ஒரு செங்கல்கூட மாறவில்லை என்றார். பழைய மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது நிற்பது அதே வடிவத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1947இல் கிளம்பிவிட்டார்கள் என்று வேறு சொன்னார். 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் ஆட்சி கைமாறியது, சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16. இரண்டு நாளுமே அங்கே அரசு விழா நாட்கள்.

கரையோரப் பாறைகள் எதிரிக் கப்பலைத் தடுக்கப் போட்டவையாம்! அந்தக் கதை இன்னும் எரிச்சலாக இருக்கிறது. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. ஊருக்கு எதிரே இருந்த மணற்பரப்பைக் கடல் தின்றது, சாலையைக் காப்பாற்றப் பாறையைக் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் தலைமைச் செயலகம் பக்கம் மணல் திரும்பியது. நம் கண் முன்னால் நடந்த இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டிருப்பார்கள்.

1836இல் ஏற்றிய கலங்கரை விளக்கத்தின் கதவு பூட்டியிருந்தது. வாசலில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாரதி 1908லிருந்து பத்தாண்டு வாழ்ந்த ஊர் இது. அம்மா ஆசைப்பட்டதே அவர் வீட்டைப் பார்க்கத்தான். “அந்தப் பக்கம் இருக்கு, இந்நேரம் மூடியிருப்பாங்க” என்று கையை மட்டும் நீட்டினார். மூடும் நேரம் தெரிந்தே விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் நேராக ஒரு கடை. வாசனைத் திரவியம், தோல் பை, ஊதுபத்தி. முக்கால் மணி நேரம் அங்கேயே. கல்லாவில் இருந்தவர் நீளமான நோட்டைப் பிரித்து எங்கள் குழுவின் தலைகளை எண்ணி எழுதினார், வழிகாட்டி பக்கத்தில் நின்று சரிபார்த்தார். கமிஷன் கணக்கு எங்கள் எதிரிலேயே நடந்தது. வெளியே வந்ததும், “இங்கயே அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார்” என்று ஒவ்வொருவர் போனையும் எட்டிப் பார்த்தபடி நின்றார். அந்த நிறுவனத்துக்கு அத்தனை நல்ல மதிப்பீடு எப்படி வந்தது என்று அப்போது புரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டோம். நடை தொடங்கிவிட்டால் திருப்பித் தர மாட்டோம் என்று வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது, பிறகு எண்ணை முடக்கிவிட்டார்கள்.

அந்தச் சாலையில் நடக்க யாரும் காசு கேட்பதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளையும் நிறுத்திவிடுவார்கள், நிம்மதியாக நடக்கலாம். நாம் 600 ரூபாய் கொடுப்பது கூட வருகிற மனிதரின் அறிவுக்கு. அதனால் பணம் கட்டும் முன் அன்றைக்கு வரப்போகிறவர் யார், சுற்றுலாத் துறை அட்டை உண்டா, எந்த மொழியில் பேசுவார், வழியில் கடை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். முழுப் பணத்தையும் ஒரு தனிநபரின் க்யூஆருக்கு அனுப்பச் சொன்னாலும் வேண்டாம்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இதே மாதிரி மாட்டியவர்கள் விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸாப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். எங்களுடையதில் விளம்பரப் பக்கத்தை மறுநாளே மாற்றிவிட்டார்கள். ‘12 பேர்’ என்ற வரி இப்போது அதில் இல்லை.