மெய்யழகனா, லப்பர் பந்தா?

2024 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் வந்த படங்கள் இவை. 20-ம் தேதி லப்பர் பந்து, 27-ம் தேதி மெய்யழகன். தியேட்டரில் விட்டதை ஓடிடியில் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் கதையே இரண்டு ஆண்களுக்கு நடுவில்தான். லப்பர் பந்தில் மாமனார் மருமகன் ஆக வேண்டியவர்கள் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். மெய்யழகனில், யாரென்றே பிடிபடாத ஒருவன் ‘அத்தான் அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிறான்.

மெய்யழகனின் முதல் பாதி அபாரம். தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி (அரவிந்த்சாமி), இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். மண்டபத்தில் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பதுதான் திட்டம். மேடையில் தங்கைக்குக் கொண்டுவந்த நகையைப் போட்டுவிடும் இடத்தில் அந்தத் திட்டமெல்லாம் கரைந்துவிடுகிறது. வசனமே தேவைப்படவில்லை, அரவிந்த்சாமி முகம் போதும். ஆனால் ராத்திரி உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் படமும் கூடவே உட்கார்ந்துவிடுகிறது. அந்த ‘அத்தான்’ கார்த்தி எவ்வளவு அன்பாகப் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. ரிலீசுக்கு அப்புறம் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டியது பெரிய பாவம் என்று ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள், எனக்கு அந்த வருத்தம் இல்லை.

லப்பர் பந்தில் இந்தச் சிக்கலே கிடையாது. ஊர் கிரிக்கெட்டில் பேர் போன கெத்துவின் ஆட்டத்தைப் பற்றி அன்பு என்கிற இளைஞன் ஏதோ சொல்ல, அது அவர் காதில் விழ, அங்கே பற்றிக்கொள்கிறது ஈகோ. அப்புறம் பார்த்தால் அன்பு காதலிப்பது கெத்துவின் மகளை! நன்றாக ஆடுகிற அன்புக்கு ஊர் டீமில் ஏன் நிலையான இடம் இல்லை என்பதை யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. டீம் எடுக்கும்போது யார் முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே சாதி தெரிந்துவிடுகிறது. கெத்து மட்டையோடு வரும்போது ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிப்பது சும்மா விசில் வாங்குவதற்கில்லை, அந்த ஆளின் வயசும் மிதப்பும் அந்த ஒரு பாட்டிலேயே வந்துவிடுகிறது. கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷுக்கு இதைவிட நல்ல வேஷம் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதைவிட ஒரு படி மேலே, டிராக்டரை நேரே பிட்சுக்குள் ஓட்டிவரும் கெத்துவின் மனைவி ஸ்வாசிகா. புருஷன் ஒளித்து ஒளித்து ஆடும் கிரிக்கெட்டுக்கு அதைவிட நல்ல பதில் உண்டா?

கிளைமாக்ஸ் சற்று ஒழுங்காக முடிச்சுப் போட்டது மாதிரி இருக்கிறது. இருந்தாலும் என் ஓட்டு லப்பர் பந்துக்கே.

இதே வரிசையில் வாழையும் கொட்டுக்காளியும் பார்த்தேன். அவை ஒரே நாளில், ஆகஸ்ட் 23 அன்று, மோதிக்கொண்டவை. வாழையில் வாழைத்தார் சுமக்கும் பையன்களின் வலியும் பூங்கொடி டீச்சர் மேல் உள்ள மயக்கமும் அவ்வளவு உயிரோட்டம். கடைசியில் மட்டும் இசையும் அழுகையும் சேர்ந்து நம்மைப் பிடித்து உலுக்குகின்றன. கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், தொண்டை கட்டிய சூரியின் குரல், கிட்டத்தட்ட வாயே திறக்காத அன்னா பென், அவ்வளவுதான். முடிவும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ‘இதுக்கா இவ்வளவு நேரம்’ என்று திட்டு விழுந்தது. வாழையைக் குடும்பத்தோடு பாருங்கள், கொட்டுக்காளியைத் தனியாகப் பார்ப்பது உத்தமம்.