படர்தாமரைக்கு 'மூணு நாள் கிரீம்' கேட்டு வாங்காதீர்கள்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடி மழையில் எனக்கு இடுப்பில் வட்டமாகத் தடித்து அரிக்க ஆரம்பித்தது. பாவாடை நாடா இறுக்குகிற இடம். அதன்மேல் பிளாஸ்டிக் தாளையும் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க ஈரத்தில் நின்றால் வராமல் என்ன செய்யும்? கூட வேலை பார்க்கும் சேச்சி பார்த்துவிட்டு "வட்டச்சொறி" என்றார். நம் படர்தாமரைதான். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் ஒரு மெடிக்கலில் கேட்டேன். "இதுக்கெல்லாம் டாக்டர் எதுக்குக்கா, மூணு நாள்ல போயிரும்" என்று அட்டைப்பெட்டியை உருவிப் போட்டுவிட்டு வெறும் டியூபை ஒரு பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தான். பில் கிடையாது. கவர்மேல் பேனாவால் விலை, அவ்வளவுதான்.

போகத்தான் செய்தது. இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது. ஜீப்பில் வருகிற எல்லோரிடமும் அந்தத் தம்பியைப் புகழ்ந்தேன். நிறுத்திய ஒரே வாரத்தில் திரும்ப வந்தது, பழைய வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டமாக. மறுபடி டியூப். இப்படியே ஐந்து மாதம், பதினொரு டியூப். தொடையிடுக்கு வரை இறங்கியது. ஒரே துண்டில் துடைத்ததால் மகளுக்கும் ஒட்டியது. அதோடு விட்டேனா? கன்னத்து மங்குக்கும் அதையே தடவினேன். முதலில் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. அப்புறம் அடுப்படியில் நின்றாலே சிவந்து எரிந்தது. தொடையில் பிள்ளை பெற்ற வயிற்றுக் கோடு போல வரி வரியாக விழுந்தது.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். வட்டத்தின் ஓரத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை அப்படியே இருந்தது. டியூபில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினார்: க்ளோபெட்டசால் 0.05 சதவீதம், கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே க்ளோபெட்டசால் மிக வீரியமானதாம். அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும்போது, அந்த இடத்தில் பூஞ்சையை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அமுக்கிவிடும். சொரியாசிஸ் மாதிரி நோய்க்கு எழுதிக் கொடுப்பார்கள். அதுவும் பொதுவாகத் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. முகம், அக்குள், தொடையிடுக்கில் தோல் மெல்லிசு, மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும். நான் பார்த்துப் பார்த்துப் பூசியது அங்கேதான்.

நிறுத்திய பிறகு மூன்று வாரம் முகம் முன்பைவிட மோசமாக எரிந்தது. அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லிவைத்தார், இல்லையென்றால் திரும்ப அதே டியூபுக்குத்தான் ஓடியிருப்பேன். ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் கிரீமை வட்டத்துக்கு வெளியேயும் ஒரு விரற்கடை தள்ளித் தடவினேன். கூடவே மாத்திரை. வட்டம் மறைந்த பின்னும் இரண்டு வாரம் நிறுத்தவில்லை. மகளுக்கும் சேர்த்தே வைத்தியம். துண்டும் துணியும் தனித்தனி, நல்ல வெயிலில்தான் காயப்போட்டோம். முழுதாக மூன்று மாதம் ஆனது. தொடைக் கோடுகள் மட்டும் இனிப் போகாது.

சரி, டியூபைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. 2018-இல் இந்த வகைக் கிரீம்களை ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்துவிட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கும்.

கடையில் போய்க் கேட்டேன். "இங்கதான் வாங்குனீங்கன்னா பில்லைக் காட்டுங்க" என்றான். கடைசி டியூபில் பேட்ச் எண் இருந்தது. அதை வைத்து மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினொரு கவரையும் அடுப்புப் பற்றவைத்தே தீர்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் அப்படி விலை மட்டும் எழுதிய பழுப்புக் கவர் இருந்தால் எடுத்து வையுங்கள்.