கடைவதா, மாற்றுவதா? மலையிறங்கும் எஸ்யூவிக்கு எந்த பிரேக் டிஸ்க்?

கம்பம், கூடலூர், போடி பக்கம் ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், சஃபாரி மாதிரி பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோகும் புகார்களில் முக்கியமான ஒன்று: "பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது." பதிலும் பெரும்பாலும் தயாராக இருக்கும்: "டிஸ்க் கோணிக்கிச்சுண்ணே. லேத்துல குடுத்து ஒரு கடைசல் போட்டா சரியாயிரும்."

சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு இந்தப் பதில் ஓரளவு சரி. ஏலத்தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே ஏறி இறங்கும் வண்டிக்கு இது போதாது. கடைவது (லேத்தில் டிஸ்க்கின் முகத்தைச் சீவிச் சமமாக்குவது), வெளிக் கம்பெனி டிஸ்க் வாங்குவது, ஷோரூம் ஒரிஜினல் போடுவது, ஓட்டை போட்ட ஸ்போர்ட்ஸ் டிஸ்க் மாட்டுவது என்று நாலு வழி இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாரத்தில் பல நாள் மலையிறங்கும் கனமான வண்டிக்கு ஓட்டை இல்லாத, நம்பகமான கம்பெனியின் புது டிஸ்க்கும் கூடவே புது பேடும்தான் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி உரசும் கட்டை) சரி. கடைசலுக்கும் ஒரு இடம் உண்டு, ஆனால் அது சின்ன இடம்.

காரணம் சூடு. போடிமெட்டிலிருந்து போடிக்கு வந்து சேரும்போது கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கிவிடுகிறோம். ஆளும் மூட்டையுமாக இரண்டரை டன் வண்டி அவ்வளவு இறங்கினால் எங்காவது கரைந்தே ஆக வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 24 மெகாஜூல். எண்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. இன்ஜினும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவருக்கு மீதி மொத்தமும் டிஸ்க்கின் தலையில்தான் விழும், அதிலும் முன் டிஸ்க்கில்தான் அதிகம். டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. சூட்டை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்கு விடுவதுதான் அதன் வேலை. இரும்பு குறைந்தால் அதே இறக்கத்தில் டிஸ்க் இன்னும் அதிகமாகக் கொதிக்கும்.

கடைசல் எடுத்துவிடுவது அந்த இரும்பைத்தான். "ரெண்டு மில்லிதானே போகுது, இருபத்தெட்டு மில்லி டிஸ்க்குல அது ஒரு விஷயமா?" என்பார்கள். பெரிய வண்டியின் முன் டிஸ்க் முழுக்க இரும்பு கிடையாது. இரண்டு பக்கத் தட்டுக்கு நடுவே காற்று போக இடைவெளி விட்ட வென்டிலேட்டட் டிஸ்க் அது. இருபத்தெட்டு மில்லியில் ஒரு பக்கத்துத் தட்டு அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இருக்காது. பக்கத்துக்கு ஒரு மில்லி எடுத்தால் உரசும் தட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இதை யாரும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ விளிம்பிலோ குறைந்தபட்ச கனம் எத்தனை மில்லி என்று அச்சிட்டிருக்கும். பல வண்டிகளில் புது டிஸ்க்குக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிதான் வித்தியாசம். பேட் உரசி உரசியே அதில் பாதி ஏற்கெனவே போயிருக்கும். அளக்கும்போது கவனிக்க ஒன்று உண்டு: பேட் தொடாத வெளி விளிம்பில் துருவோடு ஒரு மேடு நிற்கும். சாதாரண வெர்னியரை அப்படியே கவ்வ வைத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கும், தேய்ந்த டிஸ்க்கும் புதுசு போலக் காட்டும். மைக்ரோமீட்டரை மேட்டைத் தாண்டி உள்ளே நுழைத்து, சுற்றிலும் ஆறேழு இடத்தில் அளக்க வேண்டும். கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேல் தாராளமாக மிச்சம் இருக்குமா என்று கேளுங்கள். எண்ணை ஒட்டி நிற்கும் என்றால் கடைசல் காசு வீண், கொஞ்ச நாளில் புதுசு வாங்கத்தான் போகிறீர்கள்.

சரி, உதறல் எதனால் வருகிறது? டிஸ்க் நிஜமாகவே வளைந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: டிஸ்க்கைச் சுற்றி இடத்துக்கு இடம் கனத்தில் வித்தியாசம் வந்துவிடுகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், கை உணர்ந்துவிடும். இந்த வித்தியாசம் வர இரண்டு வழி.

ஒன்று, கொதித்த பேட் டிஸ்க்கில் அப்பிக்கொள்வது. மலையிறங்கி முந்தல் சோதனைச் சாவடியில் நிற்கிறீர்கள், முன்னால் வரிசை, கால் பிரேக்கிலேயே இருக்கிறது. சூடான பேட் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நிற்பதால் அதன் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டுகிறது. வீலைக் கழற்றிப் பார்த்தால் பேட் வடிவத்திலேயே கருநீலத் திட்டு தெரியும். சபரிமலை சீசனில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கிவிடும்போது மலையடியில் இருக்கும் லோயர் கேம்ப்பில் இதே கதைதான். வரிசையில் நிற்கும்போது தரை சமமாக இருந்தால் காலை எடுத்துவிட்டு நியூட்ரலில் விடுங்கள், சரிவாக இருந்தால் ஒரு வீலுக்குக் கல் வைப்பது கூட நல்லது. இறங்கிய சூட்டோடு வீலில் தண்ணீர் அடிப்பதை அடியோடு நிறுத்துங்கள். வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காது, முடிமுடியாக விரிசல் விடும்.

இரண்டாவது வழி ஹப், அதாவது டிஸ்க்கும் வீலும் மாட்டியிருக்கும் நடுப்பகுதி. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். சாய்ந்த டிஸ்க் ஓட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடைத் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் வந்துவிடும். வீல் நட்டை ஏர் கன் வைத்து ஏனோதானோவென்று இறுக்கினாலும் இதே விளைவுதான்.

கடைசலில் எந்த வகை என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. டிஸ்க்கைக் கழற்றி லேத் பட்டறையில் கடைந்தால் அந்த லேத்தின் அச்சுக்கு டிஸ்க் நேராக இருக்கும், உங்கள் வண்டி ஹப்பின் அச்சுக்கு நேராக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் கடைந்த வண்டிகள் பல கொஞ்ச நாள் வெண்ணெய் போல ஓடிவிட்டுத் திரும்பவும் உதற ஆரம்பிக்கின்றன. வண்டியிலேயே மாட்டியபடி கடையும் இயந்திரம் இருந்தால் இந்தக் குறை கிடையாது. பெரிய ஊர்களில் சில பட்டறைகளில் அது இருக்கிறது. வண்டி அதிகம் மலையேறாதது, டிஸ்க்கில் கனம் தாராளமாக இருக்கிறது, இந்த இயந்திரமும் கிடைக்கிறது என்றால் ஒரே ஒரு முறை கடையலாம், தப்பில்லை. நுண்விரிசல் இருந்தாலோ, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நீலப் புள்ளிகள் நிறையத் தெரிந்தாலோ கடையவே கூடாது. அந்தப் புள்ளிகளில் இரும்பு இறுகிக் கெட்டியாகியிருக்கும். மேலே சீவினாலும் அடியில் கெட்டி இருந்துகொண்டே இருக்கும், அந்த இடம் மெதுவாகத் தேய்ந்து மறுபடி மேடாகும்.

புது டிஸ்க்கில் ஷோரூம் ஒரிஜினலா, வெளிக் கம்பெனியா? ஒரிஜினலில் அளவு பிசகாது, ஆனால் விலை கடிக்கும். வெளியில் வாங்குவதென்றால் வண்டி தயாரிப்பாளர்களுக்கே பிரேக் சப்ளை செய்யும் பெயர்களைப் பாருங்கள்: 1962-ல் தொடங்கிய நம்ம சென்னை பாடியில் இருக்கும் 'பிரேக்ஸ் இந்தியா', இத்தாலியின் பிரெம்போ போன்றவை. உங்கள் மாடலுக்கு அவர்களிடம் டிஸ்க் இருந்தால் ஒரிஜினலை விட்டுவிட்டு அதை வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெயர் தெரியாத டப்பாவில், குறைந்தபட்ச கனம் அச்சிடாமல் வருவதைத் தொடாதீர்கள். கேரளப் பக்கம் கட்டப்பனையில் வாங்கினால் மலிவா, தேனியில் வாங்கினால் மலிவா என்று அலைவதிலும் பெரிய பயன் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். பில்லோடு தருகிறாரா என்பதைப் பாருங்கள்.

வாங்கும்போது கிண்ணமும் விளிம்பும் பூச்சு பூசியதாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை குமுளி, மூணாறு ஈரத்தில் ஒரே ராத்திரியில் டிஸ்க் செம்மண் நிறமாகிவிடும். உரசும் முகத்தில் உள்ள துரு நாலு பிரேக்கில் போய்விடும், அதற்குக் கவலை வேண்டாம். பூச்சு இல்லாத கிண்ணமும் ஹப்பும் ஒட்டிக்கொள்வதுதான் பின்னால் தலைவலி.

ஓட்டை போட்ட டிஸ்க் பற்றி நாலு வரி போதும். அலாய் வீலுக்குள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஓட்டை போட்ட இடத்தில் இரும்பு இல்லை, நமக்குத் தேவையோ இரும்பு. நீண்ட இறக்கத்தில் ஓட்டையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். ஓட்டை இல்லாமல் பள்ளக் கோடு மட்டும் வெட்டியது அதைவிட மேல், ஆனாலும் பேடைச் சீக்கிரம் தின்னும். கனமான வண்டிக்கு இரண்டும் வேண்டாம்.

டிஸ்க்கை அப்படியே விட்டு பேட் மட்டும் மாற்றுவது? டிஸ்க் சமமாக, அளவுக்கு மேல் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். தலைகீழாக, புது டிஸ்க்கில் பழைய பேடை மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. பழைய டிஸ்க்கின் வரிவரியான தேய்மானம் பேடில் பதிந்திருக்கும், புது டிஸ்க்கில் அது முழுசாகப் பதியாது.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு வேலை கூடவே நடக்க வேண்டும். கேலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) நகரும் பின்கள் இரண்டும் கையால் தள்ளினால் வழுக்க வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் உள் பேட் மட்டும் கரைந்து, டிஸ்க் ஒரு பக்கம் வேகும். கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள சிலிகான் கிரீஸ் போட வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். அடுத்தது பிரேக் ஆயில். அது ஈரத்தை உறிஞ்சும். டாட்-3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140. டாட்-4-க்கு 230, ஈரத்தில் 155. இறக்கத்தில் பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் கொதித்துவிட்டது என்று அர்த்தம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டாவதுதான் உயிர் வாங்கும். டிஸ்க்குக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு, நாலு வருடப் பழைய ஆயிலோடு பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள், உங்கள் வண்டிக் கையேடு அனுமதித்தால் டாட்-4 ஊற்றுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று துடைக்கிறாரா, டிஸ்க்கில் தடவி வரும் எண்ணெயைக் கழுவுகிறாரா, டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் பார்க்கிறாரா, நட்டைக் குறுக்கும் நெடுக்குமாக டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குகிறாரா என்று பாருங்கள். ஆட்டம் 0.05 மில்லிக்குள் நின்றால் நிம்மதி. ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், முன் இரண்டும் ஜோடியாகத்தான்.

அப்புறம் வண்டியை நேரே மலைக்கு ஓட்டாதீர்கள். கம்பம், தேனி நடுவே கூட்டமில்லாத நேரத்தில் அறுபதிலிருந்து பதினைந்துக்கு மிதமாகப் பிரேக் பிடித்து, முழுசாக நிறுத்தாமல், இடையில் கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு எட்டுப் பத்து தடவை செய்யுங்கள். கடைசியில் பிரேக்கே பிடிக்காமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராகப் பதிந்துவிடும். முதல் சில நாள் சும்மா ஊருக்குள் ஓட்டி, நட்டை ஒரு முறை திரும்பச் சரிபார்த்த பிறகு போடிமெட்டோ குமுளியோ போகலாம். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் இரண்டிலோ மூன்றிலோ நிறுத்திவிடுங்கள்.