ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ்: மன்னார்குடிப் பக்கத்துக் குழு ஒன்றின் ஒரு வருட அனுபவம்

நாங்கள் ஐந்து பேர். மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஊர். நாகசுரம், தவில், கிடார், கீபோர்டு, பாடுவது நான். லேபிள் கிடையாது, மேனேஜர் கிடையாது, கல்யாண வீடுகளில் வாசித்து வருகிற காசில்தான் ரெக்கார்டிங். 2025இல் சொந்தப் பாட்டு இரண்டு வெளியிட்டோம். எப்படி வெளியிட்டீர்கள், எதில் ஆள் சேர்ந்தது என்று திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிகள் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்கிற ஸ்பாட்டிஃபை ஆப் இல்லை இது, பாட்டுப் போட்டவர்களுக்கான தனி ஆப். இதற்குக் காசு கட்ட வேண்டாம். ஆனால் பாட்டை இதில் ஏற்ற முடியாது, அதற்கு நடுவில் ஒரு வினியோக நிறுவனம் வேண்டும். சிலர் வருடச் சந்தா வாங்குவார்கள், சிலர் வருமானத்தில் பங்கு எடுப்பார்கள். ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் 15 சதவீதம் அவர்களுக்குப் போகும், சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணமும் 9 சதவீதமும். சந்தா முறையில் போவதென்றால் பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டு என்னவாகும் என்பதை முதலிலேயே படித்துப் பாருங்கள். பாட்டுக்கு ஐஎஸ்ஆர்சி என்று பன்னிரண்டு எழுத்து எண் ஒன்று தருவார்கள், அதை நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் அதுவரை கேட்டவர்கள் கணக்கு கூடவே வரும்.

எங்கள் முதல் பாட்டு தை மாதம் வந்தது. வந்த மூன்றாம் நாள் இன்ஸ்டாகிராமில் ஒருவர் வந்தார். மூவாயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம், அதாவது பாட்டு பத்தாயிரம் முறை ஓடியதாகக் கணக்கு, "ஒரிஜினல் ஆட்கள்தான் சார், பிளேலிஸ்ட்டில் போடுகிறோம்" என்றார். கொடுத்தோம். நான்கே நாளில் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் தவில் வாசிக்கிற அண்ணன் இந்த ஆப்பைத் திறந்து கேட்பவர்களின் ஊர் பார்க்கலாம் என்று காட்டினார். பார்த்தால் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டில் ஒரே ஊர், அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அத்தனை பேரில் பாட்டைத் தன் லைப்ரரியில் சேமித்தவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு வாரத்தில் வினியோக நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது, செயற்கை ஸ்ட்ரீம் என்று பாட்டையே எடுத்துவிட்டார்கள். அந்த ஆள் அக்கவுண்டை மூடிவிட்டுப் போய்விட்டார். அப்படி வருகிற போலி எண்ணிக்கைக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் வினியோகஸ்தரிடமே அபராதம் வாங்குகிறது, அதனால் அவர்கள் நம்மிடம் பரிவு காட்ட மாட்டார்கள். தை மாதம் முழுக்க வாசித்த காசு அப்படிப் போனது. யாராவது எண்ணிக்கை விற்கிறேன் என்று வந்தால் பேசக்கூடப் பேசாதீர்கள்.

சரி, இரண்டாவது பாட்டு. எங்கள் அப்பாயி நடவு வயலில் பாடிய மெட்டு ஒன்றை எடுத்து நாகசுரத்தோடு செய்தது. ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள் இல்லையா, மறுநாள் வெள்ளிக்கிழமை 13ஆம் தேதிக்கு வைத்தோம். இந்த முறை வினியோக நிறுவனத்திடம் ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டோம், ஏனென்றால் இந்த ஆப்பில் உள்ள நல்ல விஷயமே அதற்குத்தான். வெளிவராத பாட்டை ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு நேரடியாக அனுப்பலாம். ஒரு நேரத்தில் ஒரு பாட்டு, வந்துவிட்ட பாட்டை அனுப்ப முடியாது. குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்பிவிட்டால், ஆசிரியர்கள் எடுக்காவிட்டாலும் நம்மைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடாரில், அதாவது ஸ்பாட்டிஃபை ஒவ்வொருவருக்கும் வாராவாரம் போடுகிற புதுப்பாட்டுப் பட்டியலில், பாட்டு போய் உட்காரும். பாட்டைப் பற்றிச் சொல்ல 500 எழுத்துதான் இடம். நாங்கள் முதலில் "புதுமையான முயற்சி, உள்ளத்தைத் தொடும்" என்றெல்லாம் எழுதிவிட்டு எல்லாவற்றையும் அழித்தோம். அப்பாயி மெட்டு, காவிரித் தண்ணீர் வருகிற வாரத்தில் வெளியீடு, 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய நரசிங்கம்பேட்டை நாகசுரத்தில் வாசித்தது, அது ஆச்சா மரத்தில் செய்கிற கருவி. இவ்வளவுதான் எழுதினோம். ஆசிரியர்கள் எடுக்கவில்லை. ஆனால் ரிலீஸ் ரேடாரில் வந்தது, முதல் வாரம் கேட்டவர்களில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் வந்தார்கள்.

இனி நான் இந்த ஆப்பை விடாமல் வைத்திருப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஊர்ப் பட்டியல். எங்கள் பாட்டை அதிகம் கேட்பது மன்னார்குடி என்றுதான் நினைத்திருந்தோம். சென்னை முதலில் வந்தது ஆச்சரியமில்லை, இரண்டாவது திருப்பூர், அடுத்து சிங்கப்பூர், அப்புறம் குவைத். எங்கள் ஊர் எங்கேயோ கீழே. கொஞ்ச நேரம் மனசு சங்கடமாக இருந்தது, அப்புறம் யோசித்தால் விஷயம் விளங்கியது. எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒரு பையன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பக்கத்துக் கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பெயர். நடவுப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பவர் வயலை விட்டுப் போனவர். இதை எனக்கு வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அதற்கப்புறம் செய்வதையெல்லாம் மாற்றினோம். குவைத்தில் வெள்ளி விடுமுறை, அதனால் அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்கு லிங்க் வெள்ளி காலை. சிங்கப்பூருக்கு ஞாயிறு. கல்லணை திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த அன்று ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பு பக்கம் போய், காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் நுங்கும் நுரையுமாக, முன்னால் வைக்கோலும் சருகும் தள்ளிக்கொண்டு வருவதைப் பதினைந்து வினாடி எடுத்தோம். பின்னால் நாகசுரம் மட்டும். பாட்டின் பெயர், குழுவின் பெயர், வேறு எழுத்து ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அது எத்தனை கை மாறியது என்று தெரியாது, ஆனால் ஆப்பில் அந்த வாரம் திருப்பூரும் குவைத்தும் இரண்டு மடங்கு ஆனது, சேமித்தவர்களும் கூடினார்கள். அதிலிருந்து எட்டு வினாடி வெட்டி கேன்வாஸாகவும் போட்டோம், பாட்டு ஓடும்போது திரையில் அது ஓடும்.

ஊருக்குள் இருப்பவர்களை இந்த ஆப்பில் பிடிக்க முடியாது. அதற்கு மைக் செட்காரர்தான். காதுகுத்து, கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றிலும் விடிகாலையில் பாட்டுப் போடுவது அவர்தானே. பென் டிரைவில் பாட்டைக் கொண்டுபோய் எங்கள் ஊர் மைக் செட் அண்ணனிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். நாற்பது வினாடி ஆலாபனை, குழாய் ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்கவில்லை, அப்புறம் தவில் வந்தால் கனத்த சத்தம் தருகிற தொப்பிப் பக்கம் காணாமல் போய் மறுபக்கமான வலந்தலை மட்டும் டண் டண் என்று கேட்டது. "தம்பி, இவ்ளோ நேரம் சும்மா இருந்தா செட்டு ரிப்பேர்னு ஆளு ஓடி வருவான். எடுத்த எடுப்புல அடிக்கிற மாதிரி ஒண்ணு குடு. அப்புறம் இதென்ன டிராக் ஒண்ணு? பேரு போடு, நான் எப்படித் தேடுறது?" என்றார். அவர் சொன்னபடியே பல்லவியில் தொடங்குகிற மாதிரி ஒரு வடிவம் செய்து, ஃபைலுக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் வைத்துக் கொடுத்தோம். ஆவணி முகூர்த்தத்தில் மூன்று கல்யாணத்தில் போட்டார். இணையத்துக்கும் அதே அறிவுரை பொருந்தும், முப்பது வினாடி ஓடினால்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீமாகக் கணக்கு வரும். அடுத்த பாட்டை ஆலாபனை இல்லாமலேயே தொடங்குகிறோம்.

இந்த ஆப்பில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். யூடியூபில், ஜியோசாவனில் என்ன நடக்கிறது என்பது இதில் வராது, அதது தனித்தனிக் கணக்கு. காசு விஷயத்தில் பெரிய எதிர்பார்ப்போடு வராதீர்கள், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டினால்தான் அதற்குப் பணம் கணக்கில் சேரும் என்பது 2024 முதல் விதி. யூடியூபிலும் விளம்பரப் பணத்துக்குத் தனி வரம்பு உண்டு. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சேர வேண்டிய தொகை இதற்கெல்லாம் வெளியே, ஐபிஆர்எஸ் என்கிற, அந்தத் தொகையை வசூலித்துக் கொடுக்கிற சங்கத்தின் மூலம் வருவது, அதில் உறுப்பினராகச் சேராமல் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, பெயர். எங்கள் குழுவின் பெயரிலேயே வேறு யாரோ இருக்கிறார்கள், அவர்கள் பாட்டு ஒன்று எங்கள் ஸ்பாட்டிஃபை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆப்பிலிருந்தே புகார் கொடுக்க வழி இருக்கிறது, கொடுத்தோம், சரியானது. நீங்கள் பெயர் வைக்கும் முன்பே தேடிப் பாருங்கள், தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் நம் ஆட்கள் எப்படியெல்லாம் தட்டுவார்களோ அப்படியெல்லாம் ஒருமுறை.

மூன்றாவது பாட்டு மிக்ஸிங்கில் இருக்கிறது. இந்த முறை 500 எழுத்தில் முதல் வரி திருப்பூரில் இருக்கிற நம் பையன்களைப் பற்றி. மைக் செட் அண்ணனுக்கு ஒரு பென் டிரைவ் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.